உறுதி செய்யப்பட்ட அழைப்பு

தானியங்கித் தீ எச்சரிக்கைக் கருவிகள் மேல் எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது, ஐயா. என் வீட்டுச் சமையலறை வாசலிலேயே ஒன்றை மாட்டியிருக்கிறேன். மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அது கத்தும். என் மனைவி ஜெயசுதா துடைப்பத்தின் அடியால் அதன் பொத்தானை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு மறுபடி கரண்டியைக் கையில் எடுப்பாள். ஒருநாளும் அதைக் கழற்றச் சொன்னதில்லை. நானும் கழற்ற நினைத்ததில்லை. ஆகவே அந்தத் தையல் கம்பெனியின் கருவி மேல் எனக்கு ஏதோ பகை இருந்தது என்று எங்கள் வண்டி ஓட்டுநர் அறிவரசன் உங்களிடம் சொல்லியிருப்பது சரியல்ல. அவர் சொன்ன மற்றவை எல்லாம் சரி. என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் குருமூர்த்தி. வயது ஐம்பத்தொன்று. ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயக் குடும்பம். தீயணைப்புத் துறையில் இருபத்தாறு வருடம் ஆகிறது. அதில் கடைசி ஐந்து வருடம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் சிறிய நிலையத்தில் நிலைய அலுவலராக இருந்தேன். எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. ஒரு பக்கம் குன்னம் வட்டத்துக் கிராமங்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மழையை நம்பிய காடுகள். மாசி பிறந்துவிட்டால் ஒரு பீடித்துண்டு போதும், நாலு ஏக்கர் காய்ந்த சோளத்தட்டை எரிந்துவிடும். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் லாரிகள். இரண்டு பக்கத்துக்கும் அந்த ஒரே வண்டிதான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நீங்கள் விசாரணைக்காக வெளியூரிலிருந்து வந்திருப்பதால் சொல்கிறேன்.

கம்பெனி எங்கள் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் வெறும் சோளக்காடுதான். மொட்டைமாடியில் நின்றால் அதன் நீலத் தகரக்கூரை தெரியும். கீழ்த்தளத்தில் தையல், மேல்தளத்தில் துணி வெட்டும் பகுதி, துண்டுத்துணி போடும் அறை, ஆபீஸ். நூற்றைம்பது பெண்கள் வேலை செய்தார்கள். குன்னம், அரும்பாவூர் என்று சுற்றிலுமிருந்து கம்பெனி வேன் அவர்களை ஏற்றிக்கொண்டு வரும். அந்தக் கட்டடத்துக்குத் தடையின்மைச் சான்று தருவதற்காக ஆய்வுக்குப் போனவன் நான்தான். புகையை உணரும் கருவி பொருத்த வேண்டும், அது அடித்தால் எங்கள் நிலையத்துக்குத் தானாகவே போன் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவனும் நான்தான். அவர்கள் அப்படியே செய்தார்கள். அதில் அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது.

முதல் அழைப்பு வந்தது ஓர் ஆயுத பூஜை அன்று. போனை எடுத்தால், பதிவு செய்த ஆண்குரல் ஒன்று, "தீ எச்சரிக்கை, தீ எச்சரிக்கை" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டது. சங்கை ஊதிக்கொண்டு போனோம். சாம்பிராணி. அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரித்திருந்தார்கள். அதற்கடுத்து பஞ்சாயத்தில் கொசுமருந்துப் புகை அடித்தார்கள். அப்புறம் மார்கழிப் பனி. அப்புறம், சிமெண்ட் லாரிகள் சாலையில் கிளப்பிவிட்ட தூசு ஜன்னல் வழியாகப் போய்க் கருவிக்குள் படிந்தது. ஒருமுறை உள்ளே ஒரு பல்லி குட்டியோடு இருந்தது. ஒவ்வொரு முறையும் மேலாளர் செந்தில்குமார் ஓடி வந்து கைகூப்புவார். "சாரிங்க சார், சாரிங்க சார். வந்தது வந்துட்டீங்க, ஒரு டீ சாப்டுட்டுப் போங்க." நல்ல மனிதர். பொய் அழைப்புக்காக ஒருவர் மேல் கோபப்பட முடியாது என்பது எனக்குத் தெரியும். நெருப்பில்லாத இடத்துக்குப் போய்த் திரும்புவதும் எங்கள் வேலையில் சேர்த்திதான்.

துறையில் இதற்கென்று செய்ய வேண்டியவை இருக்கின்றன. எல்லாவற்றையும் செய்தேன். கருவிகளைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன், செய்தார்கள். சாப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் இருந்ததைத் தள்ளி மாட்டச் சொன்னேன், மாட்டினார்கள். இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் புகையை உணர்ந்தால் மட்டும் போன் வரும்படி அமைக்க முடியுமா என்று கேட்டேன். சென்னையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். ஆள் வரவில்லை. அழைப்புகள் வந்துகொண்டிருந்தன.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு. போனோம். நாங்கள் அங்கே இருந்த நேரத்தில், குன்னத்துக்கு அப்பால் ஒரு காலனித் தெருவில் ஒரு கூரைவீடு எரிந்தது. பக்கத்துக் காட்டில் தட்டைக்கு வைத்த தீயிலிருந்து பொறி பறந்திருக்கிறது. வீட்டுக்குள் இருசம்மாள் என்ற பெண்மணி இருந்தார். இடுப்பு ஒடிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர். அந்தத் தெருவில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அவர் கணவர் பாவாடை என்பவர் பஸ் நிறுத்தம்வரை ஓடி, அங்கே யாரோ ஒருவரின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். வீடு என்று சொல்வதற்கு மண்சுவர் மட்டும்தான் நின்றது.

எங்களை அடிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் அடிக்கவில்லை. பாவாடை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். "வந்துட்டீங்களா சார். இது போயிடுச்சுங்க. அந்தா, அடுத்த வூட்டுக் கூரையில பொகையுது பாருங்க, அதுக்காச்சும் தண்ணி அடிங்க" என்றார்.

அறிவரசன் குழாயை இழுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுக் கூரையை நனைத்தார். அவருக்கும் அதே ஊர்தான். இருசம்மாள் அவருக்குப் பெரியம்மா. எனக்கு அது அன்றுதான் தெரியும். வேலையை முடித்துக் குழாயைச் சுருட்டி வைத்த பிறகுதான் அவர் சுவருக்குள் போனார்.

திரும்பி வரும்போது வண்டியில் நான் ஒன்றை யோசித்தேன். கம்பெனிக்காரனுக்காக ஒரு கருவி கூப்பிடுகிறது. பொரித்த அப்பளத்துக்கும் கூப்பிடுகிறது. இருசம்மாளுக்காகக் கூப்பிட ஒரு கிழவர் ஒன்றரை கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. ஒரே வண்டி இருக்கிற இடத்தில் அது யாருக்காகக் காத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்வியில் தவறு இருப்பதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது.

அதற்குக் கொஞ்சநாள் முன்புதான் ஓர் இணையவழிப் பயிற்சி வகுப்பில் கேட்டிருந்தேன். வெளிநாடுகளில் சில ஊர்களில், தானியங்கி அழைப்பு வந்தால் உடனே வண்டியை அனுப்புவதில்லையாம். அந்தக் கட்டடத்துக்குத் திருப்பிப் போன் செய்து, உண்மையிலேயே தீயா என்று கேட்டு, ஆம் என்றால்தான் கிளம்புவார்களாம். அங்கே அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. எதிர்முனையில் பதில் இல்லாவிட்டால் வண்டி போய்விடும். புகை தெரிந்தாலே போய்விடும். நம் ஊருக்கு ஏற்றபடி அந்த நிபந்தனைகளை நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். பதில் வந்தால்தான் வண்டி. புகை போதாது, நெருப்பைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். புகைக்கெல்லாம் போனால் மறுபடியும் சாம்பிராணிக்குத்தான் போய் நிற்போம். மேலிடத்தில் எழுத்தில் அனுமதி வாங்கவில்லை. கேட்டால் கோப்பு ஆறு மாதம் சுற்றும். நிலையத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வாய்மொழியாகச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அறிவரசனும் மறுக்கவில்லை.

கம்பெனியில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது செந்தில்குமார் மேகலாவைக் கைகாட்டினார். ஆபீஸில் வேலை பார்த்த பெண். அரும்பாவூர். இருபத்துமூன்று வயது. பி.காம். படித்துவிட்டு, பாங்க் பரீட்சைக்கும் தயார் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. நான் சொன்னதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். கருவி அடித்தால் எந்த அறை என்று தேடிப் பார்க்க வேண்டும். அந்த அறைக்கே நேரில் போக வேண்டும். நெருப்பைக் கண்ணால் பார்த்த பிறகு நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும்.

"பாக்காமயே கூப்ட்டா என்ன சார்?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நான் அவளுக்கு இருசம்மாளைப் பற்றிச் சொன்னேன். வண்டி உங்கள் கம்பெனியில் சும்மா நின்றிருந்தபோது அந்த அம்மா எப்படி இறந்தார், பாவாடை எங்களிடம் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "நீ பாக்காம கூப்ட்டு, அந்த நேரத்துல எங்கயாச்சும் ஒருத்தர் செத்தா, அந்தச் சாவு ஒன் தலையிலதாம்மா" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு, "இல்லைங்க சார், நான் பாத்துட்டே கூப்பிடுறேன்" என்றாள்.

அப்படியே செய்தாள். அதற்குப் பிறகு வந்த பத்து மாதங்களில் ஒருமுறைகூட அவள் வீணாக வண்டி கேட்டதில்லை. கருவி அடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் அவள் குரல் வரும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒண்ணுமில்லைங்க சார், சாம்பிராணி." "ஒண்ணுமில்லைங்க சார், லாரித் தூசு." வண்டி நிலையத்திலேயே நிற்கும். கம்பெனியிலும் பழகிப்போயிற்று. கருவி அடித்தால் மற்றவர்கள் தையலை நிறுத்தவே மாட்டார்கள். மேகலா மட்டும் எழுந்து போவாள்.

இதனால் பலன் இருந்தது. அதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த ஆகஸ்டில், ஏலாக்குறிச்சி மாதா கோவிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு பஸ்ஸில் பின்சக்கரம் தீப்பிடித்தது. ஏழு நிமிடத்தில் போய்விட்டோம். நாற்பத்துநாலு பேரை இறக்கினோம். அதே நேரத்தில் கம்பெனிக் கருவியும் அடித்திருந்தது. கொசுமருந்து. பழைய வழக்கம் இருந்திருந்தால் நாங்கள் கொசுமருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். அன்று அறிவரசனே சொன்னார், "நல்லதாப் போச்சுங்க சார்." அவர் அதை உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கக்கூடும்.

இனி அந்த வியாழக்கிழமை. போன பிப்ரவரிக்கு முந்தைய பிப்ரவரி.

பகல் பன்னிரண்டு நாலுக்குக் கருவியின் அழைப்பு வந்தது. பதிவுக்குரல் மூன்று முறை சொல்லிவிட்டு வைத்தது. நான் ஆபீஸ் எண்ணுக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. பதில் இல்லை என்றால் உறுதி இல்லை. நாற்காலியிலேயே காத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் கருவி மறுபடியும் கூப்பிட்டது. அது சில நேரம் அப்படிச் செய்யும். ரிசீவரை எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஆனால் அப்படி வைத்தால் மேகலா கூப்பிட முடியாதே என்று உடனே திரும்பத் தாங்கியில் வைத்துவிட்டேன். அவ்வளவு கவனமாகத்தான் இருந்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு அறிவரசன் வாசலில் வந்து நின்றார்.

"சார், கொஞ்சம் வெளிய வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். நீலக்கூரைக்கு மேல் புகை.

"தட்டை எரிக்கிறாங்க" என்றேன்.

"தட்டைப் பொகை வெள்ளையா வரும் சார். இது கருப்பா வருது. துணி எரியுற பொகை."

அவர் சொன்னது சரி. இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. எனக்கும் தெரிந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது என்பதும், உறுதியானது என்பதும் வேறு வேறு. எனக்குத் தெரிந்ததற்கெல்லாம் வண்டியை எடுப்பதானால் அப்புறம் விதி எதற்கு?

"மேகலா கூப்பிடட்டும்" என்றேன்.

அதற்குள் மற்ற நால்வரும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தார்கள். நான் ஏறச் சொல்லவில்லை. அறிவரசன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி வண்டியை உயிர்ப்பித்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டியை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"எங்க பெரியம்மா செத்தப்ப வண்டி இல்லீங்க சார். இப்ப வண்டி இருக்கு."

அவர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார். எல்லோரையும்விட அவருக்குத்தான் நான் செய்வது புரியும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. "இப்ப நாம அங்க போயிட்டா, குன்னத்துல ஒண்ணு ஆச்சுன்னா யாரு போவா, அறிவு?" என்று பொறுமையாகத்தான் கேட்டேன். அவர் வண்டியிலிருந்து இறங்கினார்.

பன்னிரண்டு பதினைந்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டார்கள். சாலையில் போன யாரோ புகையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "ஒங்க வண்டி கெளம்பிடுச்சுங்களா?" என்று கேட்டார்கள். "வண்டி ரெடிங்க" என்றேன். வண்டி ரெடியாகத்தான் இருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருந்தது, ஆட்கள் ஏறியிருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு, கிளம்பிவிட்டது என்று அவர்கள் எடுத்துக்கொண்டு பக்கத்து நிலையத்துக்குச் சொல்லாமல் விட்டார்கள். நான் பொய் சொல்லவில்லை. என் பணிக்காலத்தில் ஒரு பொய்ப் பதிவுகூட எழுதியது கிடையாது. பதிவேட்டைப் பார்க்கலாம்.

பன்னிரண்டு பத்தொன்பதுக்கு மேகலா தன் செல்போனிலிருந்து கூப்பிட்டாள். எங்கள் அறையில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அறிவரசனும் உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், துண்டுத்துணி ரூம்லேந்து பொகை வருதுங்க. முன்னாடி நீங்க கூப்ட்டப்ப நான் கீழ இருந்தேன், அங்கதான் ஒவ்வொரு ரூமாப் பாத்துட்டு வந்தேன். கீழ எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டேன். போயிட்டிருக்காங்க."

"நெருப்பப் பாத்தியாம்மா?"

"இல்லைங்க சார், கதவு சாத்தியிருக்கு. அடியில பொகை வருது." இருமினாள். "கதவத் தொட்டா சுடுதுங்க சார்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் செயல்விளக்கம் நடத்துவோம். அதில் நான் தவறாமல் சொல்லுவது இது. தீப்பிடித்த இடத்தில் ஒரு கதவைத் திறப்பதற்கு முன்னால் புறங்கையால் தொட்டுப் பார். சூடாக இருந்தால் எக்காரணம் கொண்டும் திறக்காதே. உள்ளே காற்றில்லாமல் அடங்கியிருக்கும் நெருப்பு, கதவு திறந்த நொடியில் காற்றை இழுத்துக்கொண்டு வெளியே பாயும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

"தொறந்து பாத்துட்டுச் சொல்லும்மா" என்றேன். "நெருப்பு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. நான் லைன்லயேதான் இருக்கேன்."

"சரிங்க சார்."

அறிவரசன், "ஏம்மா, தொறக்காத, தொறக்காத" என்று கத்தினார். நான் அதற்குள் எங்கள் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் கேட்காதபடி மௌனப் பொத்தானை அமுக்கியிருந்தேன். அவளைக் குழப்பக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆணையிட்டால் கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. எங்கள் துறையில் முதலில் சொல்லித்தருவதே அதுதான்.

அவள் லைனிலேயேதான் இருந்தாள். நானும் இருந்தேன், அதை நீங்கள் சரிபார்க்கலாம். "கலியம்மாக்கா, கொண்டி வரமாட்டேங்குது, ஒரு கை புடிங்க" என்று அவள் சொல்வது கேட்டது. இன்னொரு பெண் குரல், "நாலு பேரு வரட்டும்டி" என்றது. அது கவியா என்று பிறகு தெரிந்தது. இருவரும் மேலே துணி வெட்டும் பகுதியில் வேலை பார்த்தவர்கள். மேகலா, "இல்லக்கா, பாத்துட்டுச் சொல்லணும், சார் லைன்ல இருக்காங்க" என்றாள். கொண்டி நகரும் சத்தம். அப்புறம், பெரிய பந்தல் துணியைக் காற்று ஒரே வீச்சில் தூக்குவது போன்ற ஒரு சத்தம்.

"இருக்கு சார்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பின் கேட்டவற்றை எழுத வேண்டிய அவசியமில்லை. அவை அழைப்பில் சேராது.

நான் பதிவேட்டில் 'உறுதி செய்யப்பட்டது, 12.21' என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். நாற்பது நொடியில் வண்டி கிளம்பியது. துறை எங்களுக்குக் கொடுத்திருப்பது அறுபது நொடி. பன்னிரண்டு இருபத்தாறுக்கு அங்கே இருந்தோம். கீழ்த்தளத்துப் பெண்கள் எல்லோரும் வெளியே வந்திருந்தார்கள். மேகலா அனுப்பியிருந்தாள். ஒருவருக்கும் காயமில்லை. மேல்தளத்தில் நடைபாதையில் மூவரும் உயிரில்லாமல் கிடந்தார்கள். மேகலா, கலியம்மாள், கவியா. மேகலாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியது அறிவரசன். இறக்கி வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல், மறுபடியும் மேலே போனார். அன்றிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. உங்களிடம்தான் பேசியிருக்கிறார்.

மேகலாவின் அப்பா மறுநாள் நிலையத்துக்கு வந்தார். அரும்பாவூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். சண்டைக்கு வரவில்லை. "எம் பொண்ணு கடேசியா ஒங்ககிட்டதான் பேசுனான்னாங்க. என்ன சொன்னா சார்?" என்று கேட்டார். அவள் தன் கடமையைச் சரியாகச் செய்தாள் என்று சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதில் பொய் எதுவும் இல்லை.

நேற்று நீங்கள் அறிவரசனின் வாக்குமூலத்திலிருந்து இன்னொன்றையும் படித்துக் காட்டினீர்கள். இருசம்மாள் இறந்த அன்றைக்கு நாங்கள் கம்பெனியில் எத்தனை நேரம் இருந்தோம் என்பது பற்றி. அதுவும் சரிதான். பதினொன்று இருபத்தைந்துக்கே அது சாம்பிராணிப் புகை என்று தெரிந்துவிட்டது. புதுத் தையல் மெஷின்கள் வந்து இறங்கியிருந்தன, அதற்குப் பூஜை. கிளம்பலாம் என்றுதான் இருந்தேன். செந்தில்குமார் இலை போட்டுவிட்டார். கேசரி, வடை, பொங்கல். உட்கார்ந்தவன் பாதியில் எழுந்தால் மரியாதையாக இருக்காது. என் போன் சத்தம் அடக்கி வண்டியில் சார்ஜில் இருந்தது. நிலையத்திலிருந்து நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அறிவரசன் வெளியிலிருந்து இரண்டு முறை உள்ளே வந்து, "போலாங்களா சார்" என்று கேட்டதும் உண்மை. இரண்டாவது முறை, "இருப்பா, காப்பி வருது" என்று நான் சொன்னதும் உண்மை. பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் புறப்பட்டோம். அரை மணி நேரம்.

இதை வைத்து நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். அந்த அரை மணி நேரத்தை மறப்பதற்காகத்தான் நான் அந்த விதியைக் கொண்டுவந்தேனா என்று. நேற்று இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. அந்தக் கருவி அன்று அடிக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அங்கே போயிருக்கவே மாட்டோம். போயிருக்காவிட்டால் இலையும் இல்லை, கேசரியும் இல்லை. இதில் என் பங்கு எங்கே வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கினால் எழுதித் தருகிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு பத்துக்கே அது தீ என்று எனக்குத் தெரியும். சாவியை எடுத்து வைத்துக்கொண்டவன் நான். அந்தக் கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் திறக்கச் சொன்னேன். இந்த மூன்றையும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்திடுகிறேன். அந்தப் பதினேழு நிமிடமும் குன்னம் பக்கத்திலிருந்து வேறு அழைப்பு வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. வந்திருந்தால் வண்டி தயாராக இருந்தது.

கடைசியாக ஒன்று. என்னைப் பற்றி எழுதும்போது அழைப்பைப் புறக்கணித்தவன் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கருவி பொருத்திய நாள் முதல் அங்கிருந்து வந்த அழைப்புகள் எல்லாவற்றிலும் உண்மையானது அந்த ஒன்றுதான். அதை நான் தவறவிடவில்லை.